பூதத்துக்குப் பக்கத்து வீடு

மாயம் நடமாடும் ஓர் உலகத்தில் குடியேறலாம் என்றால் எங்கே போவது? தூக்கம் வராத இரவுகளில் இந்தக் கேள்வியோடு புரண்டுகொண்டிருப்பேன். அரக்கனைக் கொன்று இளவரசியை மீட்கும் வேலை எனக்கு வேண்டாம், முழங்கால் ஒத்துழைக்காது. இந்திரலோகமும் வேண்டாம். கற்பக மரத்தடியில் நின்று கேட்டதெல்லாம் காலையிலேயே கிடைத்துவிட்டால் மத்தியானம் என்ன செய்வது? காலையில் கடை திறந்து, பொழுது சாய்ந்ததும் வீடு திரும்பி, திண்ணையில் காலை நீட்டி உட்கார ஓர் ஊர் வேண்டும். யோசித்துப் பார்த்தால் சிலப்பதிகாரம் காட்டும் புகார்தான் சரிப்படும் என்று தோன்றுகிறது.

வணிக நகரம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் புகாரைச் சொல்லித் தந்தார்கள். இந்திரவிழா நடக்கும் காதையை நிதானமாகப் படித்தால் அது பாதி மாய நகரம். ஊருக்குள் ஐந்து மன்றங்கள். வெள்ளிடை மன்றத்தில் வணிகர்களின் பொதிகள் பெயர் எழுதி வெட்டவெளியில் கிடக்கின்றன. கதவில்லை, தாழில்லை, காவலில்லை. எவனாவது ஒன்றைத் தூக்கினால், பொதி அவன் தலையிலேயே ஏறிக் கழுத்தை அழுத்தி ஊரைச் சுற்றவைக்கும். இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் மூழ்கி எழுந்தால் கூனும் செவிடும் தொழுநோயும் போய்விடும். நஞ்சுண்டவரும் பாம்பு தீண்டியவரும் சித்தம் கலங்கியவரும் நெடுங்கல் மன்றத்துக் கல்லைச் சுற்றி வந்தால் தெளிவார்கள். பாவை மன்றத்தில் ஒரு சிலை. அரசன் கோல் கோணினாலோ வழக்குமன்றம் ஒரு பக்கம் சாய்ந்தாலோ அது வாய் திறக்காமல் கண்ணீர் விடும்.

ஐந்தாவது பூதச் சதுக்கம். போலித் துறவிகள், பொய்ச்சாட்சி சொல்பவர்கள், பிறன்மனை நாடுபவர்கள் போன்றோரைப் பிடித்துத் தின்னப்போவதாக நாலு காத தூரம் கேட்கும்படி பூதம் முழங்குமாம். ஆடி மாதத்து ஒலிபெருக்கிக்குப் பழகிய காதுக்கு அந்தச் சத்தம் பெரிதல்ல. ஆனால் பட்டியலில் புறங்கூறுபவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து எதைப் பேசுவது? வீடு பார்க்கும்போது அந்தத் தெருவை மட்டும் தவிர்த்துவிட வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஐந்து மன்றங்களும் யாருடைய வேலையையும் செய்து தருவதில்லை. அப்பம் விற்பவர், மீன் விற்பவர், உப்பு விற்பவர், துணி நெய்பவர் என்று அதே காதையில் வரிசையாக வருகிறார்கள். எல்லோரும் கையால்தான் உழைக்கிறார்கள். திருட்டு, நோய், விஷம், அநீதி என இரவில் விழித்துக்கொண்டு எதையெல்லாம் நினைத்துப் பயப்படுவோமோ, அங்கே மட்டும்தான் மாயம் தலையிடுகிறது. எனக்கு அந்த அளவு போதும். அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதை மணிமேகலைக் காப்பியத்தின் ஆபுத்திரன் கதை சொல்கிறது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியை வைத்து ஏழைகளின் பசி தீர்த்துக்கொண்டிருந்தவன் அவன். வரம் தர வந்த இந்திரனைப் பார்த்துச் சிரித்துவிட்டான். இந்திரன் அடித்துப் பழிவாங்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு வறண்டு கிடந்த பாண்டிய நாட்டில் மழையைக் கொட்டினான், அவ்வளவுதான். நாடு செழித்தது. உண்ண யாராவது இருக்கிறீர்களா என்று தெருத்தெருவாகக் கேட்டுப் போனவனை ஊர் ஏளனம் செய்தது. ஊர் செழித்ததற்கு வருந்த முடியுமா? முடியாது. ஆனாலும் அந்தப் பாத்திரத்தோடு அவன் நிற்கும் நிலை எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் மாய உலகத்திலும் உழைப்பு இருக்கிறது என்பது ஆச்சரியம்தான். 2020 மார்ச்சில், உலகம் வீட்டுக்குள் முடங்கிய நேரத்தில், ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ என்ற ஜப்பானிய வீடியோ கேம் வந்தது. பேசும் விலங்குகள் வாழும் தீவில் குடியேறுகிறோம். வீடு கட்ட டாம் நூக் என்ற விலங்கு கடன் தருகிறது. மீன் பிடித்தும் சிப்பி பொறுக்கியும் அதை அடைக்க வேண்டும். மாய உலகத்திலுமா வீட்டுக்கடன் என்று சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கடனுக்கு வட்டி கிடையாது, தவணைத் தேதியும் கிடையாது. பல மாதம் கழித்து வந்தாலும் யாரும் கதவைத் தட்டுவதில்லை. பேசும் விலங்கை நம்பிவிடலாம். மாயம் என்றால் எனக்கு இந்தக் கடன்தான்.

புகாரில் தவணைத் தேதி உண்டு. ஆண்டுதோறும் இருபத்தெட்டு நாள் இந்திரவிழா எடுத்தாக வேண்டும். மணிமேகலை சொல்வதன்படி, கடலில் காணாமல் போன குழந்தையைத் தேடி அலைந்த சோழன் நெடுமுடிக்கிள்ளி ஓர் ஆண்டு விழாவை மறந்துவிட்டான். தெய்வம் சினந்தது, கடல் ஊரைக் கொண்டுபோயிற்று. அப்பம் விற்றவரும் உப்பு விற்றவரும் அதில் என்ன பிழை செய்தார்கள்? தப்பு செய்தவனைத் தேடிப் பிடித்துத் தின்னும் பூதத்துக்கு இருந்த நிதானம்கூட இந்திரனுக்கு இல்லை. பாவை மன்றத்துச் சிலை அன்று அழுததா என்று காப்பியம் சொல்லவில்லை. அழுதிருக்க வேண்டிய வழக்கு அது. பிள்ளையைத் தொலைத்த அப்பனுக்கு அந்த ஓர் ஆண்டு விழாவைத் தள்ளிவைத்துத் தருவதாக இந்திரன் எழுதிக் கொடுக்கட்டும். பூதத்துக்குப் பக்கத்து வீடென்றாலும் நான் சாமான்களைக் கட்டத் தயார்.