மன்னாவும் மாத்திரையும்

பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு மன்னா முதன்முதல் கிடைத்த காலையில் அது வியப்பாயிருந்தது. மறுநாளைக்கெனச் சேர்த்து வைத்தது புழுத்துப்போயிற்று. ஆகவே அன்றன்றைய பங்கை அன்றன்றே சேகரிக்க வேண்டியிருந்தது. காலம் செல்லச் செல்ல அதே உணவு அவர்களுக்குச் சலித்துப்போனதென எண்ணிக்கை நூல் உரைக்கின்றது. உயிர் காத்த உணவே வெறுப்பானது ஏன்?

எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்வோரை எண்ணும்போது இவ்வினா புதுப்பொருள் பெறுகின்றது. நம் நாட்டில் இக்கிருமி 1986-இல் சென்னையில் முதன்முதல் கண்டறியப்பட்டது. 1996-இல் கூட்டு மருந்து முறை வந்தபோதும், ஏழைகளுக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. 2004 ஏப்ரலில்தான் அரசு அதனை இலவசமாக வழங்கத் தொடங்கியது.

தொடக்கத்தில் நோயாளியை மருந்தோடு பிணைப்பது சாவின் அச்சம். உடல் மெலிந்து காய்ச்சல் விடாதிருக்கையில் மாத்திரையை மறப்பவர் அரியர். பின்னர் உடல் தேறுகின்றது; வேலைக்குத் திரும்புகின்றார். அங்கேதான் சோதனை. நோயின் அடையாளம் ஏதுமில்லை. மாத்திரை மட்டுமே அதனை நினைவூட்டுகின்றது. ஒரு வேளை தவறுகின்றது, ஒன்றும் நேரவில்லை. பின்பு ஒரு வாரம் தவறுகின்றது. அடங்கியிருந்த கிருமி மீண்டும் பெருகுகின்றது. அம்மருந்துக்குக் கட்டுப்படாத வடிவமும் எடுக்கக்கூடும்.

இதனை மனவுறுதிக் குறைவென்று தீர்ப்பிடுதல் எளிது. ஆனால் மாத்திரையை அரிசிப்பானைக்குள் மறைத்து வைக்கும் மருமகள், வீடு நிறைய உறவினர் இருக்கும் நாளில் அதனை எப்படி எடுப்பாள்? ஏ.ஆர்.டி. மையத்துக்குச் செல்லும் கூலித் தொழிலாளி ஒரு நாள் கூலியை இழக்கின்றார். வரிசையில் ஊரார் எவரேனும் கண்டுவிடுவாரோ என்றும் அஞ்சுகின்றார். இன்று பலருக்கு நாளுக்கு ஒரே மாத்திரை போதும். அதனைத் தவறாது உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாக அது பிறருக்குத் தொற்றுவதில்லை. மருந்து எளிதாயிற்று, ஊரின் பார்வைதான் எளிதாகவில்லை.

புனித அகுஸ்தினார் தம் முதிய வயதில் நிலைத்திருத்தலைப் பற்றித் தனி நூலே எழுதினார். இறுதிவரை நிலைத்திருப்பது இறைவனின் கொடை என்பது அவர் துணிபு. அவர் பேசியது விசுவாச வாழ்வைப் பற்றியே. ஆயினும் நாள்தோறும் ஒன்றைத் தவறாது செய்வதற்கான வலிமை மனிதருக்குத் தனிமையில் ஊறுவதன்று என்ற உண்மை இங்கும் பொருந்தும். இறைவனின் கொடைகள் பெரும்பாலும் அடுத்திருப்போரின் கைகள் வழியாகவே வந்து சேர்கின்றன.

நோயாளியின் பொறுப்பு இதனால் நீங்கிவிடாது. ஆனால் நம் அன்பியத்தில் ஒருவர் அச்சமின்றித் தம் மாத்திரையை விழுங்க இயலாதெனில், அவர் தவறவிடும் வேளைகளில் நமக்கும் பங்குண்டு. மருந்தை விட்டவர் பல மாதங்கள் கழித்துத் தயங்கித் தயங்கித் திரும்பி வருகையில், கடிந்துரைக்கும் ஒரு சொல்லே அவரை மீண்டும் விரட்டிவிடும். மக்கள் சலித்து முணுமுணுத்த பின்னரும், கானானின் விளைச்சலை அவர்கள் உண்ணும்வரை மன்னா பொழிவது நிற்கவில்லை. அந்தப் பொறுமையை இறைவனிடமிருந்து நாம் கற்றிருக்கின்றோமா?