கையெழுத்துப் போடாதவர்கள்

2019 நவம்பர் 4 அன்று பி.எஸ்.என்.எல். நிறுவனம் தன் ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தைத் திறந்தது. ஐம்பது வயது நிறைந்த எவரும் எழுதிக் கொடுக்கலாம். டிசம்பர் 3-இல் கெடு முடிந்தபோது 78,000-க்கும் மேற்பட்டோர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மொத்த ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர். 2020 ஜனவரி 31-ஆம் தேதி மாலை அத்தனை பேரும் ஒன்றாக வெளியேறினார்கள்.

பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள் சம்பளம், மிச்சமிருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம், ஓய்வூதியம் தனி. கஞ்சத்தனமான ஏற்பாடு என்று இதைச் சொல்ல முடியாது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் பேரைத் தமிழக அரசு ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, கேட்டு, கொடுத்து, அனுப்புவது எவ்வளவோ மேல். மகள் கல்யாணக் கடனோ வீட்டுக் கடனோ கழுத்தை நெரிக்கும் வயதில் மொத்தமாக ஒரு தொகை கிடைப்பது சிலருக்கு விடுதலையாகவே இருந்திருக்கும். நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு: வருமானத்தில் முக்கால் பங்கு சம்பளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. தனியார் நிறுவனங்கள் 4ஜி விற்றுக்கொண்டிருந்தபோது அதற்கான அலைக்கற்றையை உரிய காலத்தில் இந்த நிறுவனத்துக்கு ஒதுக்காமல் விட்டது அதன் உரிமையாளரான மத்திய அரசுதான் என்பது வேறு கதை.

ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தவர்களின் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்று கேட்பது வழக்கம். 2019 பிப்ரவரியிலேயே சம்பளம் தள்ளிப்போகத் தொடங்கிவிட்டது. ஓய்வு வயதை 58 ஆக்கிவிடுவார்கள் என்ற பேச்சும் கிளம்பியது. சம்பளம் வருமா என்றிருக்கும் வீட்டில் போடப்படும் கையெழுத்தை முழு மனதோடு போட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் அவர்களிடம் கேட்டார்கள், அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், விலை கிடைத்தது. அறத்தின் கேள்வி அவர்களோடு முடிவதில்லை. கேட்கப்படாதவர்களிடம்தான் அது தொடங்குகிறது.

முதலில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கேபிள் தோண்டியவர்கள், தொலைபேசி நிலையத்தைக் கூட்டியவர்கள், இரவுக் காவல் இருந்தவர்கள். அதே 2019-இல் நாட்டின் பல பகுதிகளில் இவர்களுக்கு மாதக் கணக்கில் கூலி பாக்கி இருந்தது. நிரந்தர ஊழியருக்கு, அவர் இனிமேல் செய்யப்போகாத வேலையின் ஆண்டுகளுக்கும் சேர்த்துப் பணம். இவர்களுக்கு, செய்து முடித்த வேலைக்கே பணம் இல்லை. இரண்டும் ஒரே நிறுவனத்தில் நடந்தவை. விருப்ப ஓய்வின் கருணைத் தொகையை எவ்வளவு தாராளமாக வைத்தாலும் இந்தக் கோணல் நிமிராது.

அடுத்து ஊர் மக்கள். ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயிலில் ஒரு கைங்கரியத்தை ஒரு குடும்பம் விட்டுவிட்டால், எழும் முதல் கேள்வி ‘நாளைக்கு யார் செய்வது?’ என்பதுதான், என்ன மிச்சமாகும் என்று யாரும் கேட்பதில்லை. பி.எஸ்.என்.எல். விஷயத்தில் கேள்வி தலைகீழானது. திட்டம் வயதை அளவாக வைத்ததே தவிர, வேலையை வைக்கவில்லை. எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் கேபிள் போகிறது, மழையில் எந்த இணைப்பு நனையும் என்று தெரிந்திருந்த லைன்மேன்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள். அந்த அறிவு பல இடங்களில் வரைபடத்தில் இல்லை, ஆளிடம் இருந்தது. ஆளோடு போனது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் வட்டாரம் வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டது. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது, கைப்பேசிகள் செயலிழந்தன. இதற்கு விருப்ப ஓய்வுதான் காரணம் என்றால் அபாண்டம். வெள்ளம் எந்த நிறுவனத்தின் கோபுரம் என்று பார்க்கவில்லை. ஆனால் பொதுச் சேவையில் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும் ஆட்களில் சிலர் இப்படிப்பட்ட நாளுக்காகத்தான் இருக்கிறார்கள். சாதாரண நாளின் வேலையை மட்டும் அளந்து ஆளைக் குறைப்பவர், அசாதாரண நாளின் செலவை ஊரின் தலையில் ஏற்றுகிறார். ஊரிடம் அதற்குச் சம்மதம் கேட்டதில்லை.

பணக்கார நாடும் இதே பள்ளத்தில்தான் விழுந்தது. 2025 ஜனவரி இறுதியில் அமெரிக்க அரசு தன் மத்திய ஊழியர்கள் ஏறக்குறைய அனைவருக்கும் மின்னஞ்சல் அனுப்பி, ராஜினாமா செய்தால் செப்டம்பர் வரை சம்பளம் என்றது. சுமார் 75,000 பேர் ஏற்றார்கள். மின்னஞ்சல் போன பிறகுதான் வருமான வரித் துறையில் கணக்குத் தாக்கல் பருவத்துக்குத் தேவையான ஊழியர்களிடம், மே மத்தி வரை போகக்கூடாது என்று சொல்ல வேண்டிவந்தது. முதலில் செய்திருக்க வேண்டிய கணக்கைக் கடைசியில் செய்தார்கள்.

ஆள் குறைப்பே பாவம் என்று வாதிடுவதும் சரியல்ல. வேலை இல்லாத இருக்கைக்கு மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் கொடுப்பதும் ஓர் அநீதிதான். தரைவழித் தொலைபேசியை மக்களே கைவிட்ட பிறகு, பழைய எண்ணிக்கையில் ஆட்கள் தேவைப்பட்டிருக்க மாட்டார்கள். அறம் கேட்பது வரிசையை: எந்தெந்த வேலை தொடரும், அதை யார் செய்வார்கள் என்ற பட்டியல், ஊழியரிடம் படிவம் நீட்டப்படும் முன் ஊருக்குத் தெரிய வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் கூலி பாக்கி, கருணைத் தொகையின் முதல் தவணைக்கு முன் தீர வேண்டும். இவை இரண்டும் கூடுதல் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. முதலாவது காகித வேலை. இரண்டாவது எப்படியும் கொடுத்தே தீர வேண்டிய கடன்.