நுகத்தை எளிதாக்கும் தலைமை



நூற்பாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தை உங்களில் பலர் அறிவீர்கள். வீட்டுக்குப் புறப்படுகிறவர் உள்ளே வருகிறவரிடம், "மூணாம் நம்பர் மெஷின்ல நூல் அறுந்துக்கிட்டே இருக்கு, பார்த்து ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அதைக் காதில் வாங்காதவர் இரவெல்லாம் அல்லல்படுவார். நமக்கு முன்னே உழைத்தவர்களும் நம்மிடம் இப்படித்தான் எதையோ சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாம் கேட்கிறோமா?

கேட்க மறுத்த ஓர் அரசனை விவிலியம் நமக்குக் காட்டுகிறது. அரசர் சாலமோனின் மகன் ரெகபெயாம் அரசனானபோது அவனுக்கு வயது 41. செக்கேமில் மக்கள் அவன்முன் வந்து நின்றார்கள். தந்தை சுமத்திய கடும் வேலையைச் சற்றுக் குறைத்தால் போதும், பணிந்திருப்போம் என்றார்கள். சாலமோனின் அவையில் இருந்த முதியோர், 'இம்மக்களுக்குப் பணியாளராய் இரும், கனிவாய்ப் பேசும்' என்று அறிவுரை கூறினார்கள். அவனோ தன்னோடு வளர்ந்தவர்களின் பேச்சைக் கேட்டு, மூன்றாம் நாள் கடுஞ்சொல்லால் பதில் சொன்னான். பத்துக் குலங்கள் பிரிந்து போயின.

அந்த முதியோரைக் கவனியுங்கள். 'உம் தந்தை செய்தபடியே செய்யும்' என்று அவர்கள் சொல்லவில்லை. சாலமோனின் மாட்சியைப் பார்த்த அவர்கள், அதற்காகச் சுமந்தவர்களின் தோளையும் பார்த்திருந்தார்கள். பட்ட துன்பம் அடுத்தவர்க்கு வரக்கூடாது என்பதே மூத்தோர் தரும் ஞானம். நாமோ பல நேரம் அவர்களின் அதட்டலை மட்டும் எடுத்துக்கொண்டு, ஞானத்தை விட்டுவிடுகிறோம். 'என்னையும் இப்படித்தான் விரட்டி வேலை வாங்கினார்கள்' என்று சொல்லி, நமக்குக் கீழே இருப்பவரை நாமும் விரட்டவில்லையா?

அன்புக்குரியவர்களே, மனம் தளர வேண்டாம். ரெகபெயாமின் வரலாறு செக்கேமோடு முடிந்துவிடவில்லை. பிரிந்த சகோதரர்மேல் போர் தொடுக்க அவன் 1,80,000 வீரரைத் திரட்டினான். ஆண்டவர் செமாயா என்னும் இறையடியார் வழியாக அவர்களைத் தடுத்தார். இம்முறை அவர்கள் செவிகொடுத்து வீடு திரும்பினார்கள். ஒருமுறை காதை மூடிக்கொண்டவனிடமும் ஆண்டவர் மறுபடி பேசினார். அதுவே அவரது இரக்கம். நம்மிடமும் அவர் பேசி ஓய்ந்துவிடவில்லை.

அன்று அரசன் தள்ளிவிட்ட அறிவுரையை நம் ஆண்டவர் இயேசு இறுதி இரவுணவின்போது வாழ்ந்து காட்டினார். போதகரும் ஆண்டவருமான அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் காலடிகளைக் கழுவினார். சுமை சுமந்து சோர்ந்தவர்களுக்கு இளைப்பாறுதல் தருகிறவர் அவரே.

மேலாளராக, மேஸ்திரியாக, கண்காணிப்பாளராக இருக்கும் சகோதர சகோதரிகளே, இந்த வாரம் உங்கள் பணியிடத்தில் மூத்த ஒருவரோடு சற்று நேரம் உட்காருங்கள். "அண்ணே, அந்த நாள்ல உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். அந்தக் கஷ்டம் இன்று யார்மேல் இருக்கிறதென்று பாருங்கள். உங்களால் முடிந்த அளவு அதைக் குறையுங்கள். நீங்கள் கடிந்து பேசிய முகம் ஏதாவது நினைவுக்கு வந்தால், அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தயங்காதீர்கள். நம்மை நாள்தோறும் மன்னிக்கும் ஆண்டவர் அதற்கான துணிவையும் நமக்குத் தருவாராக. ஆமென்.