ஒளி பரப்பும் கண்ணாடி

சட்டைப் பையில் அடங்கிவிடும் சிறிய கேமரா ஒன்று நம்மிடம் உண்டு. ரிக்கோ என்னும் ஜப்பானிய நிறுவனம் 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட ஜி.ஆர்.3 என்ற வகையைச் சேர்ந்தது அது. நம் குருத்துவ வெள்ளி விழாவையொட்டி உடன்பிறந்தோர் ஒன்றுகூடி வாங்கித் தந்தார்கள். எடை கால் கிலோவைச் சற்றே தாண்டும். அதன் லென்சைக் கழற்றி மாற்ற இயலாது. தொலைவில் இருப்பதை அருகில் இழுத்துக் காட்டும் வசதியும் அதில் இல்லை. முகம் பெரிதாக வேண்டுமானால் நாமே பக்கத்தில் நடந்து செல்ல வேண்டும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கும் முதியோருக்கும் நற்கருணை கொண்டு செல்லும்போது அதுவும் உடன் வரும். நற்கருணை வழங்கி, செபித்து முடித்தபின், வீட்டார் விரும்பிக் கேட்டால் ஒரு படம் எடுப்போம். அப்படங்களில் பல, சில காலம் கழித்து அவ்வீடுகளின் சுவரில் மாலையணிந்து தொங்குவதைக் கண்டிருக்கிறோம்.

2024-ஆம் ஆண்டு அதே நிறுவனம் அதே கேமராவின் புதிய வடிவம் ஒன்றை வெளியிட்டது. வெளித்தோற்றத்தில் பெரிய மாற்றம் இல்லை. உள்ளே மட்டும், லென்சின் வழியே வரும் ஒளியைப் பரவச் செய்யும் வடிகட்டி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் அது ஒளியின் பாதையில் வந்து நிற்கும். மறுபடி அழுத்தினால் விலகிக்கொள்ளும். அது வந்து நிற்கும்போது மெழுகுதிரிச் சுடரைச் சுற்றி மென்மையான ஒளிவட்டம் தோன்றும். சன்னல் வெயிலின் விளிம்பு கரைந்து பக்கத்து இருளுக்குள் கசியும். மிகுந்த ஒளியுள்ள இடத்திலிருந்து ஒரு சிறு பங்கு சிதறி நிழலை அடைவதால் இரண்டுக்கும் இடையிலான கடுமை தணியும். முகத்தின் சுருக்கங்களும் ஓரளவு அடங்கும். வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது.

அக்கேமரா எடுத்த படங்களை இரவு செபத்துக்குப் பின் கணினியில் பார்க்கும் வழக்கம் நமக்கு ஏற்பட்டது. ஒரு வாரம் கடந்தபின் நம் படங்கள் வறண்டு தோன்றலாயின. நேற்றுவரை நிறைவு தந்த கருவி, தன்னில் எக்குறையும் புதிதாக ஏற்படாமலேயே, குறையுடையதாயிற்று. வாங்கலாமா, வேண்டாமா என்னும் கேள்வி மனத்தில் வந்து அமர்ந்தது.

இதற்கெல்லாம் இறையியல் எதற்கு என்று வாசகர் வினவலாம். பெரிய சோதனைகள் வாழ்வில் சிலமுறைதான் வருகின்றன. நன்றாகப் பேசக்கூடிய தொலைபேசியை வைத்துக்கொண்டு அடுத்ததை விரும்புவதும், ஓடுகின்ற இருசக்கர வண்டியை விற்றுவிட்டுப் புதியதை நாடுவதும் நம் இல்லங்களில் நாள்தோறும் நிகழ்பவை. நம் உள்ளம் எதற்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்பது அத்தகைய சிறு முடிவுகளில்தான் அதிகம் வெளிப்படுகிறது. புனித அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்ட நூலின் பத்தாம் பகுதியில், ஒளியின் அழகே தம் கண்களைக் கவர்ந்து இழுப்பதாக ஒப்புக்கொள்கிறார். ஆடை, பாத்திரம், ஓவியம் என்று மாந்தர் தேவையின் எல்லையைக் கடந்து கண்ணுக்கு விருந்துகளைப் பெருக்கிக்கொண்டே போவதையும் அங்கே எண்ணிப் பார்க்கிறார். ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவர் கேமராவைக் கண்டதில்லை, கண்களை அறிந்திருந்தார்.

முதலில் நம் மனச்சான்று முன்வைத்த வாதம் ஏழைகளைப் பற்றியது. மிகுதியாக இருப்பவை ஏழைகளின் பிழைப்புக்கு உரியவை என்பது இயற்கைச் சட்டத்தின் கோரிக்கை எனப் புனித தோமா அக்குவினார் தமது இறையியல் தொகுப்பில் நிறுவுகிறார். குருமடத்தில் அதைப் படித்துத் தேர்வும் எழுதினோம். கேமராவுக்கு ஆகும் பணத்தில் ஒரு மாணவியின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்திவிடலாம். இவ்வாதத்தோடு கேள்வி முடிந்துவிட்டது என்றே எண்ணினோம்.

ஆனால், பெத்தானியாவில் நடந்த விருந்து நினைவுக்கு வந்தது. மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை இயேசுவின் காலடிகளில் பூசியபோது, அதை 300 தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குச் சொன்னவன் யூதாசு. கணக்கில் பிழையில்லை, எனினும் அவனுக்கு ஏழைகள்மீது அக்கறை இருந்ததில்லை என்று யோவான் குறிப்பிடுகிறார். அழகுக்காகச் செலவிடுவதெல்லாம் பாவம் என்றால் நம் ஆலயங்களின் வண்ணக் கண்ணாடிகளும் தேர்களும் இசைக்கருவிகளும் பாவமாகிவிடும். மேலும், கேமரா வாங்காமல் மிச்சப்படும் பணம் அந்த மாணவியிடம் தானாகப் போய்ச் சேருமா? கேமரா ஆசை வருவதற்கு முன்பு அவளுடைய கட்டணத்தைப் பற்றி நாம் எத்தனை முறை நினைத்தோம்? ஏழைகளை ஒரு வாதமாக மட்டும் பயன்படுத்திவிட்டு அவர்களை மறந்துபோகும் ஆபத்து நமக்கும் இருந்தது. ஆகவே, கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிட்டு, கேமராவைப் பற்றிய கேள்வியைத் தனியாக எடுத்துக்கொண்டோம்.

அதற்குப் புனித இஞ்ஞாசியார் வழிகாட்டினார். 1548-ஆம் ஆண்டு திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்ற ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் மூவகை மனிதரைப் பற்றிய தியானம் ஒன்று உண்டு. மூவகையினரும் பத்தாயிரம் பொற்காசுகளை ஈட்டியவர்கள். கடவுளின் அன்புக்காக மட்டும் ஈட்டியவர்கள் அல்லர். அப்பணத்தின்மீதுள்ள பற்று தம்மை அழுத்துவதை மூவருமே உணர்கிறார்கள். முதல் வகையினர் பற்றைவிட வேண்டும் என்று விரும்பியவாறே, அதற்கான எவ்வழியையும் மேற்கொள்ளாமல் சாகும்வரை நாள் கடத்துகிறார்கள். இரண்டாம் வகையினர் பற்று போகவேண்டும், பொருள் தம்மிடமே இருக்கவேண்டும் என்கிறார்கள். தாம் விரும்பும் இடத்துக்குக் கடவுள் வந்து சேரவேண்டும் என்பதே அவர்களின் எதிர்பார்ப்பு. மூன்றாம் வகையினர் வைத்திருக்கவும் விரும்புவதில்லை, விட்டுவிடவும் விரும்புவதில்லை. இறைப்பணிக்கு எது உகந்ததோ அதை மட்டும் விரும்பிக் காத்திருக்கிறார்கள்.

இத்தியானத்தை அருள்சகோதரிகளுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறோம். இம்முறை நமக்கே விளக்க நேர்ந்தது. பங்கின் விழா மலருக்கு அழகிய படங்கள் கிடைக்கும் என்றோம். திருவிழிப்புத் திருப்பலியில் மக்கள் கையிலேந்தும் மெழுகுதிரிகளின் ஒளி, உள்ளபடியான மாட்சியோடு பதிவாகும் என்றோம். முதியோரின் முகங்களைக் கனிவோடு காட்டலாம் என்றோம். ஒவ்வொன்றும் உண்மையே. ஆயினும், வாங்குவது என்று உள்ளுக்குள் முடிவெடுத்தபின் தேடிப் பிடித்த காரணங்கள் அவை. நாம் இரண்டாம் வகையில் நிற்பது தெளிவாகப் புலப்பட்டது. வெட்கமாகவும் இருந்தது.

இதற்கிடையில் இன்னொரு செய்தியையும் அறிந்தோம். நம் பழைய கேமராவின் உள்ளே என்.டி. ஃபில்டர் எனப்படும் ஒளிக்குறைப்பு வடிகட்டி ஒன்று உண்டு. உள்ளே வரும் ஒளியை அது நான்கில் ஒரு பங்காகக் குறைக்கும். நண்பகல் வெயிலில் லென்சின் வாயை அகலத் திறந்து படமெடுக்க வேண்டுமானால் அதன் உதவி தேவைப்படும். புதிய கேமராவில் ஒளி பரப்பும் வடிகட்டி அமர்ந்திருப்பது அதே இடத்தில். ஆகவே ஒளிக்குறைப்பு வடிகட்டி அதில் இல்லை. ஒன்றைப் பெற வேண்டுமானால் மற்றொன்றை இழக்க வேண்டும்! ஆசையின் பார்வையில் வரவு மட்டுமே தெரிகிறது. செலவுப் பக்கத்தைப் பார்க்க அமைதியான மனம் வேண்டியிருக்கிறது. போதாதென்று, 2025-ஆம் ஆண்டு ஜி.ஆர்.4 என்னும் அடுத்த தலைமுறையும் வெளிவந்தது. அதற்கும் ஒளி பரப்பும் வடிகட்டியுடன் தனி வடிவம் ஒன்று அறிவிக்கப்பட்டது.

இனி, அந்த மென்மையைப் பற்றியே சிந்திப்போம். அது புதிய கண்டுபிடிப்பன்று. அந்நாளைய ஸ்டுடியோக்களில் கண்ணாடியின்மீது வாசலின் தடவியும், லென்சின் முன் மெல்லிய வலைத்துணியோ நைலான் காலுறையோ கட்டியும் மணப்பெண்ணின் முகத்தை மென்மையாக்கினார்கள். அதற்கும் முன்னே, ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் பெண்மணி இருந்தார். 1815-இல் கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த அவருக்கு, 1863-இல், 48-ஆம் வயதில், மகளும் மருமகனும் கேமரா ஒன்றைப் பரிசளித்தார்கள். உருவம் கூர்மையாகும்வரை லென்சைத் திருகாமல், அழகாகத் தோன்றிய நிலையிலேயே நிறுத்திக்கொள்வது அவர் வழக்கம். அதைத் திறமைக் குறைவு என்று அக்காலத்தவர் சிலர் ஏளனம் செய்தார்கள். இன்று அப்படங்கள் புகைப்படக் கலையின் செல்வங்கள். பிற்காலத்தில் இலங்கைக்குக் குடியேறிய அவர், அங்கே தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்து, 1879-இல் அத்தீவிலேயே காலமானார். அறிஞர் டார்வினின் முகத்தை நோக்கிய அதே கண் தோட்டத் தொழிலாளியின் முகத்தையும் நோக்கியது. மென்மையான படம் பொய்யான படமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை என அவரிடமிருந்து அறிகிறோம்.

அப்படியானால் எந்த மென்மை மெய், எந்த மென்மை பொய்? இதற்கு விடை தந்தவர் நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர். எண்பது வயதைக் கடந்தவர். ஒரே மகன் கடல் கடந்து வேலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. பணம் வருகிறது, அவன் வருவது அரிது. முந்தைய மாதம் எடுத்த படத்தை அச்சிட்டு அவரிடம் கொடுத்தோம். கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“இதுவா சாமி என் மூஞ்சி?”

அவர் வருந்துகிறார் என்று எண்ணிவிட்டோம். மனத்திலிருந்த ஆசையும் சேர்ந்துகொண்டது. “சுருக்கமெல்லாம் அவ்வளவா தெரியாம எடுக்கிற கேமரா இப்ப வந்திருக்கு பாட்டி. அடுத்த தடவை அதுல எடுப்போம்” என்றோம்.

“வேணாம் சாமி. சுருக்கம் இருக்கட்டும். எம் மகன் போறப்ப இதெல்லாம் இல்ல. அவன் வந்து பாத்தா, எத்தன வருசம் ஆச்சுன்னு அவனுக்குத் தெரியணும்ல.”

நமக்குப் பேச்சு எழவில்லை. அவர் முகத்தில் நாம் மறைக்க விரும்பியது, தம் மகன் காணவேண்டும் என்று அவர் காத்து வைத்திருந்த ஒன்றாகும். அச்சுருக்கங்கள் அவர் எழுதாத கடிதங்கள். அவற்றை மங்கச் செய்வது கனிவு என்று நாம் கருதியிருந்தோம். உண்மையில், அக்காத்திருப்பைப் பார்க்க நேரும் சங்கடத்திலிருந்து நம் கண்களைக் காத்துக்கொள்ளும் வழியாகவே அது இருந்திருக்கும்.

உயிர்த்த ஆண்டவர் சீடர்களுக்குத் தோன்றியபோது அவரது உடல் மாட்சி பெற்றிருந்தது. ஆயினும் கைகளிலும் விலாவிலும் காயங்கள் அகலவில்லை. அவற்றைக் காட்டியே தம்மை அடையாளப்படுத்தினார். விண்ணக ஒளிகூடக் காயங்களை அழித்துவிடவில்லை. காயத்தை முழுமையாகக் கண்டும் முகம் திருப்பாமல் அருகில் நிற்பதே இரக்கம். கேமரன் அம்மையாரின் மென்மையில் அந்த அருகாமை இருந்தது. நம் கேமரா எத்தனையோ குறைகள் உடையதாயினும், அருகில் நடந்து செல்லும்படி நம்மைக் கட்டாயப்படுத்துகிறதன்றோ!

நன்மை தன்னைத்தானே பரப்பும் இயல்புடையது என்னும் பழைய தத்துவக் கோட்பாட்டைக் குருமடத்தில் கற்றோம். பெத்தானியாவில் தைலத்தின் மணம் வீடு முழுவதும் பரவியது என யோவான் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். தைலம் பரவியது, மரியா அதை மிச்சம் வைக்காமல் தந்ததால். கண்ணாடிக்குள் வைக்கப்பட்ட வடிகட்டி, கடைத்தெரு விளக்குக்கும் திருப்பலிப் பீடத்தின் சுடருக்கும் வேறுபாடு அறியாமல் ஒளிவட்டம் சூட்டும். அதில் குற்றம் ஏதும் இல்லை, அது கருவி. ஆனால் நோயாளியின் அறைக்குள் பரவ வேண்டிய ஒளியைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு நாம் பொத்தானை அழுத்தினால் போதும் என்று எண்ணினோமே, குற்றம் அங்கே இருந்தது.

நாம் எடுத்த முடிவு பிறருக்குச் சட்டமன்று. திருமணப் படம் எடுத்துக் குடும்பத்தைக் காக்கும் இளைஞனுக்கு அந்த வடிகட்டி தேவையான தொழிற்கருவியாக இருக்கலாம். அவன் வாங்கட்டும், நன்றாக வாழட்டும். ஓய்வு நேரத்தில் கலையில் மகிழ்வோரும் தம் கடமைகளை நிறைவேற்றியபின் வாங்குவதில் தவறில்லை. படைப்புப் பொருள்களை, நம் குறிக்கோளுக்கு உதவும் அளவுக்குப் பயன்படுத்தி, தடையாகும் அளவுக்கு விலக்கவேண்டும் என்கிறார் இஞ்ஞாசியார். அந்த அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அமைதியாக இருக்க முடிகிறதா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுப் பார்க்கலாம். முடியாது என்றால், முடியும்வரை காத்திருப்பது நலம். நம்மால் இன்னும் முடியவில்லை. ஆகவே அடுத்த உயிர்ப்புப் பெருவிழா வரை கேள்வியை ஒத்திவைத்து, இரவில் அப்படங்களைப் பார்ப்பதையும் நிறுத்தியிருக்கிறோம்.

சென்ற முதல் வெள்ளியன்று அம்மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றபோது, அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுத் திரு இதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மாட்டியிருந்தார். மகனுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று கேட்டார். பழைய கேமராவில் எடுத்த அப்படத்தை, எதையும் மென்மையாக்காமல், மறுநாள் அனுப்பி வைத்தோம்.