கவலையும் ஒரு தியானமே

தியானம் என்றவுடன் ஓடுகின்ற மனத்தைப் பிடித்து நிறுத்துதல் என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். கவலையுற்றவர் மனம் அலைகிறது, தியானிப்பவர் மனம் நிலைக்கிறது என்பது பொதுவான எண்ணம். நம் ஆசாரியர்கள் அவ்வாறு கூறவில்லை. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் தியானத்தை ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்கிலம் என நான்காக வகுத்தருளினார். முதலில் வைக்கப்பெற்ற ஆர்த்தம் வருத்தத்தின் தியானமாகும். வேண்டாதது வந்து சேர்ந்ததே என்றும், வேண்டியது பிரிந்ததே என்றும், நோய் தீரவில்லையே என்றும், இனி இன்னது கிடைக்க வேண்டுமே என்றும் ஒன்றையே பற்றிக்கொண்டு நிற்கும் நினைவு அது. ஆகவே இரவு முழுதும் உறங்காது ஒரே பொருளை எண்ணிக் கிடப்பவரிடம் மன ஒருமை இல்லை என்று கூறல் பொருந்தாது. ஒருமை உண்டு, அது சென்று நின்ற இடந்தான் துன்பம் தருவது.

இதனை ஏட்டில் பன்முறை படித்திருந்த நாம் உள்ளபடி உணர்ந்தது 2020 ஆம் ஆண்டின் பங்குனி, சித்திரைத் திங்களில்தான்.

கொல்லிமலையை நோக்கியிருக்கும் நம் எருமப்பட்டி, கோழிப்பண்ணையும் லாரியும் பிழைப்பாகக் கொண்ட நாமக்கல் வட்டாரத்தைச் சேர்ந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் கோழியால் கொரோனா பரவும் என்னும் பொய்ச்செய்தி பரவ, முட்டையின் விலை வீழ்ந்தது. (கொல்லாமை நோன்புடைய நமக்குப் பண்ணைத் தொழில் உடன்பாடன்று. எனினும் அதனை நம்பி உண்ணும் அயலார் வீட்டில் அடுப்பு எரியாதபோது அதனை அறத்தின் வெற்றி என்று கொள்ள மனம் ஒப்பவில்லை.) மார்ச்சு 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு வந்தது. வடநாட்டிற்குச் சரக்கேற்றிச் சென்ற ஓட்டுநர் பலர் சென்ற இடத்திலேயே நின்றுவிட்டனர். அவருள் ஒருவன் நம் அடுத்த வீட்டு அம்மையின் மகன்.

அவ்வம்மை நாள்தோறும் நம் திண்ணையில் வந்து அமர்வார். நாமோ பள்ளியில் முப்பதாண்டிற்கு மேல் பாடம் சொன்ன பழக்கத்தால் அவருக்கும் பாடம் சொன்னோம். கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, மூச்சைக் கவனிக்கச் சொன்னோம். எல்லாம் வினைப்பயன், நடப்பது நடக்கும், மனத்தை அமைதியாக வைத்துக்கொள்க என்றும் உரைத்தோம். மூன்றாம் நாள் அவர் கூறினார்: "டீச்சரம்மா, கண்ண மூடுனா அவன் மொகந்தானுங்க வருது. தொறந்திருந்தாலாச்சும் தெருவப் பாத்துக்கிட்டு இருப்பேன்."

அச்சொல் நம்மைச் சுட்டது. ஏனெனில் நம் நிலையும் அதுவே. நம் மகள் அப்போது சென்னையில் மருத்துவமனைப் பணியில் இருந்தாள். ஆண்டுகள் பல சாமாயிகம் செய்து வந்த நமக்கு, அந்நாட்களில் ஜபமாலையின் மணிகள் விரலில் நகர்ந்தன. செவி மட்டும் தொலைபேசியின்பால் இருந்தது. நமக்குக் கைவராத அமைதியைப் பிறர்க்கு வழங்கினோம். அது பொய்யுரையன்று எனினும் மெய்யுரையும் அன்று.

நாம் செய்த பிழை எதுவென்று அதே நூலே காட்டியது. ஏழாம் அத்தியாயத்தில் நான்கு பாவனைகள் கூறப்பெறுகின்றன. எல்லா உயிர்களிடத்தும் மைத்திரி, குணத்தால் உயர்ந்தோரிடத்து மகிழ்ச்சியாகிய பிரமோதம், துன்புறுவோரிடத்துக் காருண்யம், நல்லுரை ஏலாத நெறிகெட்டாரிடத்து மாத்தியஸ்தம். விருப்பு வெறுப்பற்று விலகி நிற்கும் மாத்தியஸ்தம் யாருக்கு உரியது என்பதை ஈண்டு நோக்க வேண்டும். துன்புறுவார்க்கு ஆசாரியர் அதனை விதிக்கவில்லை. அவர்க்கு உரியது காருண்யம். மகனை எண்ணி வாடும் தாய்க்கு 'எல்லாம் வினை' என்று சொல்லி ஒதுங்கியபோது, நெறிகெட்டார்க்கு உரியதை நாம் அவருக்கு அளித்துவிட்டோம். நம் குடும்பங்களில் இப்பிழை மிகுதியும் நேர்வதைக் காண்கிறோம். துக்க வீட்டிற்குச் சென்று கருமத்தின் எட்டு வகைகளை விளக்கி வரும் பெரியவர்களை நீங்களும் அறிவீர்கள்.

அவ்வாறாயின் கவலையை என் செய்வது? தர்ம தியானத்தின் வகைகளை ஆஜ்ஞா விசயம், அபாய விசயம், விபாக விசயம், சம்ஸ்தான விசயம் என்பர். விசயம் என்றால் ஆராய்தல். அபாய விசயமாவது, உயிர்கள் தவறான வழியிற் பட்டு வருந்துவதையும் அதனின்றும் நீங்கும் வழியையும் ஆராய்தல். பற்றுகின்ற பொருள் துன்பமே. அதனைப் பற்றும் முறை வேறு. ஆர்த்தம் ஒரே இடத்தைச் சுற்றி வரும். விசயம் வினாவை எழுப்பி மேலே செல்லும். வீட்டுக் கவலையையும் இம்முறையில் எடுத்தால் என்ன என்று தோன்றியது. மறுநாள் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து அவ்வம்மையுடன் அமர்ந்தோம். மகன் நிற்பது எந்த ஊர்? உடன் இருப்பவர் யார்? வண்டியில் அரிசியும் அடுப்பும் உண்டா? வண்டி முதலாளியிடம் கேட்க வேண்டுவது யாது? இவற்றை எழுதினோம். விடை தெரிந்தவை பாதி; கேட்டறியக் கூடியவை சில; எவராலும் சொல்ல முடியாதவை இரண்டோ மூன்றோ. அவ்விரண்டு மூன்றே நாளெல்லாம் நூறாகி அவரை வருத்தியிருந்தன.

அந்த மிச்சத்திற்குத்தான் மூச்சுப் பயிற்சி வேண்டியிருந்தது. காயோத்சர்க்கத்தில் ஒரு பஞ்சநமஸ்காரத்திற்கு மூன்று மூச்சாக, ஒன்பது முறைக்கு இருபத்தேழு மூச்சு என்பது நம் வழக்கம். அவ்வம்மை மாரியம்மனை வழிபடுபவர். நம் மந்திரத்தை அவர்மேல் சுமத்தவில்லை. மலைப்புளி வந்திறங்கிய காலமாதலின் அவர் மடியில் எப்போதும் புளி இருக்கும். கண்ணைத் திறந்தபடியே, ஒரு மூச்சுக்கு ஒரு கொட்டையாக இருபத்தேழு எடுக்கச் சொன்னோம். எண்ணிக்கை தவறினால் மீண்டும் ஒன்றிலிருந்து. முதல் நாள் பத்தைத் தாண்டவில்லை என்று சிரித்தார். அவர் சிரித்ததைப் பல நாட்களுக்குப் பின் அன்றுதான் கண்டோம். மகன் வைகாசியில் இளைத்து வந்து சேர்ந்தான். அது புளியங்கொட்டையின் பயனன்று. சாலை திறந்ததன் பயன்.

அத்தொற்றின் முதலாண்டில் உலகெங்கும் பதற்றமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு மிகுந்தன என உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. மனப்பயிற்சியை மருந்தாகக் கொள்ளும் வழக்கம் அதற்கு முன்பே பரவிவிட்டது. ஜான் கபட்-ஜின் என்பார் 1979 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நோயாளர்க்கென இத்தகைய பயிற்சியைத் தொடங்கினார். நம் சமயத்திலேயே தேராபந்த ஆசாரியர் மகாபிரக்ஞர் 1970களில் பிரேட்சா தியானத்தை வகுத்தார். இவற்றால் பலர் நலம் பெற்றிருப்பர்; குறை கூறோம். ஆயினும் சாமாயிகம் அமைதிக்கென வாங்கும் மாத்திரையன்று. எல்லா உயிர்களிடத்தும் பொறுத்தருள வேண்டி நிற்றல் அதனுள் அடங்கியுள்ளது. இதனை நீக்கிவிட்டு நாம் மட்டும் நிம்மதியடையக் கண்மூடினால் அது நல்லதோர் ஓய்வு, அவ்வளவே. 'எனக்கு இது கிடைக்க வேண்டும்' என்னும் நிதானமும் ஆர்த்தத்தின் ஒரு வகை என்பதையும் மறத்தல் ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உறக்கமும் உணவும் வாரக்கணக்கில் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் வருமாயின், அது தியானத்தால் மட்டும் தீர்வதன்று. மருத்துவரிடம் செல்வது நம்பிக்கைக் குறைவாகாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் உதவி எண் 14416.

ஆசிரியப் பயிற்சியின்போது நன்னூலின் பொதுப்பாயிரம் கற்றோம். கொங்கு நாட்டுச் சீனாபுரத்துப் பவணந்தி முனிவர் நம் சமயத்தவர் என்பது நமக்குப் பெருமை. நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை அவர் உவமை கூறுகிறார். மலை போன்று அசையாதிருப்பதே சமநிலை என்று இளமையில் எண்ணியிருந்தோம். இப்போது நிறைகோலே நெஞ்சிற்கு அண்மையில் உள்ளது. தட்டில் பொருள் விழுந்தால் அது ஆடத்தான் செய்கிறது. ஆடிய பின்பே முள் நடுவில் வந்து நிற்கிறது.

அவ்வாண்டு சித்திரையில் ஒரு மாலை சாமாயிகத்தில் அமர்ந்திருந்தோம். அதற்குரிய இரண்டு நாழிகையில் பாதி கழிந்திருக்கும். தொலைபேசி ஒலித்தது. எழலாகாது என்பது நியமம். எழுந்து சென்றோம். மகள்தான். பணி முடிந்து அறைக்குத் திரும்பியதாகவும், கவச உடையில் வியர்த்து உடம்பெல்லாம் எரிவதாகவும், இன்னும் உண்ணவில்லை என்றும் கூறினாள். உண்ணும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பின்னர் கை கால் கழுவி, மீண்டும் முதலிலிருந்து அமர்ந்தோம்.