பிள்ளையை ஆர் பார்க்கிறது?

கலியாண வீடுகளிலும் பிறந்தநாள் மண்டபங்களிலும் இளம் தம்பதிகளிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி, "இன்னும் ஒண்டும் இல்லையோ?" முதல் பிள்ளை பிறந்ததும் அது "அடுத்தது எப்ப?" என்று மாறிவிடும். கேட்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தம்பதிகள் வீட்டுக்குப் போய்த் தங்களுக்குள் கேட்டுக்கொள்வது வேறொரு கேள்வி: பிள்ளையை ஆர் பார்க்கிறது?

கனடாவின் கருவள வீதம் 2023இல் 1.26 ஆக இறங்கியது. குடிவரவு இல்லாமல் ஒரு நாட்டின் சனத்தொகை குறையாமல் இருக்க ஏறத்தாழ 2.1 தேவை. இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன: வீட்டு விலை, நீளும் படிப்பு, பிந்திய திருமணம், பிள்ளை வேண்டாம் என்ற தெளிவான விருப்பம். பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர்களையும் தயங்க வைப்பது பராமரிப்பு. ரொறன்ரோவில் சில ஆண்டுகளுக்கு முன்வரை ஒரு கைக்குழந்தையை டேகெயாரில் விட மாதம் 1,500 டொலருக்கு மேல் வேண்டியிருந்தது.

நம் குடும்பங்கள் இதற்கு ஒரு விடை வைத்திருந்தன. அம்மம்மா, அல்லது அப்பம்மா.

2011 டிசம்பரில் கனடா சூப்பர் விசாவைக் கொண்டுவந்தது. 2022 ஜூலையிலிருந்து அதில் வருபவர்கள் ஒரே வருகையில் ஐந்து ஆண்டுகள்வரை தங்கலாம். பிள்ளை குறிப்பிட்ட அளவு வருமானம் காட்ட வேண்டும். தனியார் மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். சட்டத்தின் பார்வையில் வருகிற அம்மா ஒரு விருந்தாளி. வேலை செய்ய அவருக்கு அனுமதி இல்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு எழும்பிப் பால் காய்ச்சி, மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் குழந்தையைக் குளிப்பாட்டி, தீத்தி, நித்திரையாக்கி, மூத்ததைப் பள்ளிக்கூடத்திலிருந்து பனிக்குள் நடத்திக் கூட்டிவந்து, இரவுச் சாப்பாட்டையும் சமைத்து வைப்பவர் அவர்தான். இதையே வெளியாள் ஒருவர் செய்தால் அது வேலை. அதற்கு மணிக்கணக்கு, விடுமுறை, குறைந்தபட்சச் சம்பளம் எல்லாம் உண்டு.

பாசத்தை மணிக்கணக்கில் அளப்பது அசிங்கம் என்று சிலர் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. பேரப்பிள்ளையின் முகம் பார்த்துத்தான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லும் அம்மம்மாக்கள் பொய் சொல்லவில்லை. ஊரிலும் அவர்கள்தானே பார்த்தார்கள் என்றும் கேட்கலாம். பார்த்தார்கள்தான், ஆனால் தனியாக அல்ல. சித்தி இருந்தா, மாமி இருந்தா, வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு இருந்தது. குழந்தை முற்றத்தில் இறங்கினால் பத்துக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. ஸ்காபரோவின் அடுக்குமாடியில் அந்தப் பத்துப் பேரின் வேலையையும் ஒருவர் செய்கிறார். உறவின் பெயர் மாறவில்லை. சுமை பல மடங்காகிவிட்டது.

அன்பால் கொடுக்கப்பட்டதா, வேறு வழியில்லாமல் கொடுக்கப்பட்டதா என்று எப்படி அறிவது? "எனக்கு ஏலாது" என்று சொல்ல அவருக்கு இடமிருக்கிறதா என்று பார்த்தால் போதும். விமானச் சீட்டு மகளின் காசு. காப்புறுதியும் மருந்தும் மகளின் காசு. பஸ் எடுக்க மொழி இல்லை. முழங்கால் நோகிறது என்று சொன்னால் மகள் வேலையை விட வேண்டி வரும். வீட்டுக் கடன் நிற்கும். ஆகவே அவர் சொல்வதில்லை. மகளும் கேட்பதில்லை, ஏனென்றால் பதில் ஏலாது என்று வந்தால் அவளிடம் மாற்று வழி இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் நேசிக்கிறார்கள், இருவருமே சிக்கியிருக்கிறார்கள். வீட்டுக்குள் யாரையும் குற்றம் சொல்ல முடியாத ஓர் அநியாயம் இது.

இதனால்தான் பொதுப் பராமரிப்பு அறம் சார்ந்த விஷயமாகிறது. கியூபெக் 1997இல் நாளுக்கு 5 டொலர் கட்டணத்தில் இதைத் தொடங்கியது. மத்திய அரசு 2021இல் நாளுக்கு 10 டொலர் என்ற இலக்கை அறிவித்தது. கடைசியாக 2022 மார்ச்சில் ஒன்ராறியோ கையெழுத்திட்டது. 2025 தொடக்கத்திலிருந்து இத்திட்டத்தில் சேர்ந்த ஒன்ராறியோ நிலையங்கள் நாளுக்கு 22 டொலருக்கு மேல் வாங்க முடியாது. கட்டணம் இறங்கியது, காத்திருப்போர் பட்டியல் நீண்டது. குழந்தைப் பராமரிப்பாளர்கள் போதவில்லை. சம்பளம் குறைவென்று பலர் தொழிலை விட்டுப் போகிறார்கள். அம்மம்மா சும்மா செய்கிற வேலைக்கு எதற்குக் கூடுதல் சம்பளம் என்ற எண்ணம் நம் வீடுகளில் மட்டும் இல்லை போலும்.

இப்படிச் செய்தால் பிள்ளைகள் கூடப் பிறக்குமா? அப்படிச் சொல்லித்தான் அரசியல்வாதிகள் இதை விற்கப் பார்க்கிறார்கள். பின்லாந்தில் 1996இலிருந்து பள்ளி வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பராமரிப்பு இடம் சட்டப்படியான உரிமை. அங்கும் 2023இல் கருவள வீதம் அதே 1.26. பிறப்பு எண்ணிக்கையால் அளந்தால் இந்தத் திட்டங்கள் தோற்றுப்போனதாகத் தெரியும். அளவுகோல்தான் பிழை. ஒரு தாய் நாட்டுக்காகப் பெறுவதில்லை. ஒரு பாட்டி சனத்தொகைக்காக வளர்ப்பதில்லை. டேகெயாரில் ஓர் இடம் இருந்தால் அம்மம்மா மறுக்கலாம். மறுக்க முடிந்த பிறகு அவர் சம்மதித்தால், அது அவர் தருவது.

இதில் நமக்கு ஓர் இழப்பும் உண்டு. அம்மம்மாவோடு வளர்ந்த பிள்ளை தமிழ் பேசும். டேகெயாரில் வளர்ந்த பிள்ளை பெரும்பாலும் ஆங்கிலத்தோடுதான் வீட்டுக்கு வரும். இதைச் சின்ன விஷயமாகத் தள்ள முடியாது. ஆனால் ஒரு மொழியைக் காப்பாற்றும் முழுப் பாரத்தையும் முழங்கால் நோகும் ஒரு மனுசியின் தலையில் ஏற்றுவது எந்த வகையில் நியாயம்? பத்து மணி நேரம் களைத்தவரைவிட, பின்னேரம் இரண்டு மணி நேரம் ஆசையோடு கதை சொல்பவரிடம் பிள்ளை கூடுதலாகத் தமிழ் கேட்கக்கூடும்.

சட்டம் மாறுவதற்கு முன் வீட்டுக்குள் செய்யக்கூடியவையும் உள்ளன. விசாவுக்கு விண்ணப்பிக்குமுன் அம்மாவிடம் கேட்கலாம்: கிழமைக்கு எத்தனை நாள் பார்க்க ஏலும்? எந்த நாள் உங்கள் நாள்? கையில் எவ்வளவு காசு வேண்டும்? எப்போது ஊருக்குத் திரும்ப விருப்பம்? பெற்ற தாயிடம் கணக்குப் பேசுவதா என்று கூச்சமாக இருக்கும். ஆனால் கணக்கை நாம் ஏற்கெனவே போட்டுவிட்டோம், அவரைக் கேட்காமல்.