மண்டைக்குள் புகுந்த காற்று

மூளையின் நடுவிலுள்ள குழிகளில் நிறைந்திருப்பது தெளிந்த நீர். பண்டைய கிரேக்க மருத்துவர்களோ அங்கே ‘நியூமா’ என்ற நுண்ணிய காற்று உலவுவதாக எண்ணினார்கள். அந்தக் காற்றேதான் ஆன்மாவா?

இரண்டாம் நூற்றாண்டில் கேலன் இதை விலங்குகளின் மண்டையைத் திறந்தே கேட்டார். குழியை அழுத்தினால் விலங்கு உணர்விழந்து கிடந்தது, பிறகு தெளிந்தது. குழியைக் கீறி நியூமா வெளியேறியபோதும் உயிர் போய்விடவில்லை. ஆகவே நியூமா ஆன்மா அல்ல, அதன் முதல் கருவிதான் என்றார். ஆன்மா எதனால் ஆனது என்பது தமக்குத் தெரியாது என்றும் ஒப்புக்கொண்டார். சோதனை கொடூரமானது, முடிவில் அடக்கம் இருந்தது. பின்வந்தவர்களிடம் அது இல்லை. எமேசா நகர ஆயர் நெமேசியஸ் முன்குழியைக் கற்பனைக்கும் நடுக்குழியைப் பகுத்தறிவுக்கும் பின்குழியை நினைவுக்கும் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்.

1918இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் டேண்டி அந்தக் குழிகளில் உண்மையான காற்றையே செலுத்தினார், எக்ஸ்ரேயில் அவற்றின் வடிவம் தெரிவதற்காக. இந்த வழிப் பரிசோதனைகளில் நோயாளிகள் கண்டது கடும் தலைவலியும் வாந்தியும்தான்.

இன்று காற்று தானாகப் புகுகிறது: விபத்தில் மண்டையோட்டின் அடித்தளம் உடையும்போது, சில அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு. கொஞ்சமாக இருந்தால் தானே கரைந்துவிடும். மிகுந்து மூளையை அழுத்தினால் குழப்பம், மயக்கம். துளையிட்டு வெளியேற்றவும் நேரும். சிலரை உயர் அழுத்த ஆக்சிஜன் அறையில் வைக்கிறார்கள். இரண்டரை மடங்கு வளியழுத்தத்தில் 10 மில்லிலிட்டர் குமிழி 4 மில்லிலிட்டராகச் சுருங்கும். குமிழியில் பெரும்பங்கு நைட்ரஜன். தூய ஆக்சிஜனையே சுவாசிக்கும்போது இரத்தத்தில் நைட்ரஜன் குறைகிறது. குமிழியில் உள்ளது இரத்தத்தில் கரைந்து நுரையீரல் வழியே வெளியேறுகிறது. மூச்சு விட்டே மண்டையைக் காலி செய்வது! காற்று புகுந்த வழி அடைபடாமல் இருந்தால் மட்டும் ஆபத்து. அழுத்தம் இறங்கும்போது, அவ்வழியே மேலும் புகுந்து சிக்கிய காற்று விரியும்.

இந்த ஆக்சிஜனை 1774இல் பிரித்தெடுத்த ஜோசஃப் பிரீஸ்ட்லி ஒரு கிறிஸ்தவப் போதகர். மனம் மூளையின் ஆற்றலே, உடலை விட்டுப் பிரியும் ஆன்மா என்று ஒன்றில்லை என 1777இல் நூலே எழுதினார். மரித்தவர்களைக் கடவுள் மீண்டும் எழுப்புவார் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமில்லை.

குழப்பத்தோடு அறைக்குள் போனவர் காற்று கரைந்து, தெளிந்து வெளியே வந்தால் பிரீஸ்ட்லி அவரைத் தம் கட்சிச் சாட்சியாக நிறுத்துவார். கருவி சீரானது, அவ்வளவுதான் என்பார் கேலன். இருவரில் துணிச்சல் பிரீஸ்ட்லிக்கே. ஆன்மா தனியே பிழைத்துக்கொள்ளும் என்ற ஆறுதலை விட்டுவிட்டு, மண்ணோடு மண்ணாகும் மூளையைக் கடவுள் திரும்ப எழுப்புவார் என்பதையே அவர் முழுதாக நம்பியிருந்தார்.